ஆறு நிமிஷ நோயாளி

வருஷத்துக்கு ஒரு தடவை எனக்குக் குழந்தை பிறக்கும். ஐம்பத்திரண்டு வயசு, பாதி நரைத்த தலை, முட்டி வலி எல்லாவற்றோடும் காலேஜ் நாலாவது மாடி லேபில் ஓர் இரும்புக் கட்டிலில் உட்கார்ந்து, பிரசவ லேபிலிருந்து இரவல் வாங்கிய ரப்பர் பொம்மையை மடியில் போட்டுக்கொள்வேன். தலைமாட்டில் ஓர் அட்டை ஒட்டியிருக்கும். வயது இருபத்துநான்கு, பிரசவமாகி மூன்று வாரம், தூக்கமில்லை, பசியில்லை, குழந்தையைத் தூக்கப் பிடிக்கவில்லை. அந்த இருபத்துநாலு வயசுக்காரி நான்தான். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். என் மாணவிகளும் முதல் நிமிஷம் சிரிப்பை அடக்கத்தான் பாடுபடுவார்கள்.

பெங்களூரில் ஒரு நர்சிங் காலேஜில் மனநலப் பராமரிப்பு சொல்லிக்கொடுப்பது என் வேலை. நர்சாகவும், பிரசவம் பார்க்கிறவர்களாகவும் வெளியே போகப்போகிற பெண்கள். இந்தப் பாடத்தைப் புத்தகத்தை வைத்துப் பரீட்சை நடத்தி முடித்துவிட முடியாது. எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும், அந்த ஆளிடம் பேச வேண்டும். அதனால் பிராக்டிகல் அன்றைக்கு லேபைத் துணித் திரை கட்டி ஐந்தாகத் தடுப்போம். ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு வேலை, ஆறு நிமிஷம். மணி அடித்தால் எழுந்து அடுத்த தடுப்புக்குப் போய்விட வேண்டும். நாலாவது தடுப்பு என்னுடையது. ஐந்தாவதில், பிரசவத்துக்கு அப்புறம் ரத்தப்போக்கு நிற்காத தாய்க்கு என்ன செய்வது என்று பொம்மையில் செய்து காட்ட வேண்டும். அதில் தவறினால் மற்ற நாலிலும் முழு மார்க் வாங்கினாலும் பாஸ் கிடையாது. நியாயம்தான், அங்கே தடுமாறினால் ஓர் உயிர் போய்விடும்.

முன்பெல்லாம் நோயாளியாக ஒரு ஜூனியர் டியூட்டர்தான் நடித்துக்கொண்டிருந்தாள். சீரியல் பார்த்தே வளர்ந்த பெண். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டதும் தலைவிரிகோலமாக ஒப்பாரி வைத்துவிட்டாள். கேட்க வந்த மாணவியும் கூடவே அழ ஆரம்பித்துவிட்டாள். போதும் தாயே என்று அடுத்த வருஷத்திலிருந்து நானே உட்கார்ந்துவிட்டேன். நிஜமாகவே மனசு விட்டுப்போனவள் அப்படியெல்லாம் அழுது ஊரைக் கூட்டமாட்டாள். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுவாள், ரேஷன் கார்டு விவரம் சொல்கிற மாதிரி.

எனக்குப் பின்னால், திரைக்கு அந்தப் பக்கம், அதே ஜூனியர் இப்போது மார்க் ஷீட்டோடு உட்கார்ந்திருப்பாள். பன்னிரண்டு விஷயம் டிக் போட வேண்டும். தன் பெயரைச் சொன்னாளா, தூக்கத்தைப் பற்றிக் கேட்டாளா, சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாளா, வீட்டில் யார் உதவிக்கு இருக்கிறார்கள் என்று விசாரித்தாளா, இப்படிப் போகும். ஒன்பதாவது, செத்துப்போகிற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்டாளா என்பது. அதைக் கேட்காமல் விட்டால் இரண்டு மார்க் போகும், அவ்வளவுதான். அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று நான் எத்தனையோ மீட்டிங்கில் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். எல்லாரும் தலையாட்டினார்கள், டீ குடித்தார்கள், போனார்கள்.

கிளாசில் இந்த ஒரு கேள்விக்காகவே ஒரு முழு மணி நேரம் ஒதுக்குவேன். "கேட்டா, இல்லாத நெனப்பை நாமளே கெளப்பிவிட்ட மாதிரி ஆகாதா மேம்?" என்று வருஷா வருஷம் யாராவது கேட்பார்கள். ஆகாது கண்ணுகளா, கேட்டால் அவளுக்குப் பாரம் குறையும், கேட்காமல் விட்டால்தான் ஆபத்து என்பேன். தமிழ், கன்னடம், மலையாளம், இந்தி என்று அவரவர் பாஷையில் வாய்விட்டுச் சொல்ல வைப்பேன். "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று முப்பது பெண்கள் ஒரே குரலில் கத்த, பியூன் பதறிப்போய்க் கதவைத் திறந்து பார்த்த கதையெல்லாம் உண்டு.

கிளாசில் கத்துகிற வாய் பரீட்சையில் என் எதிரே உட்கார்ந்ததும் ஒட்டிக்கொள்ளும். நோயாளி மேல் இரக்கமில்லை என்று சொல்ல மாட்டேன். நோயாளியின் இடத்தில் மேம் உட்கார்ந்திருக்கிறாளே, அவளைப் பார்த்து அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? பெரியவர்கள் முன்னால் சாவு என்ற சொல்லே வரக்கூடாது என்று வளர்த்த பெண்கள். "உங்களுக்கு அந்த மாதிரி ஏதாவது…" என்று கையை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றுவாள் ஒருத்தி. "பேரே ஏனாதரூ யோச்னே பருத்தா மேம்?" என்று கேட்பாள் கன்னடப் பெண், வேறு ஏதாவது யோசனை வருகிறதா என்று. யோசனையா, ஆயிரம் வரும்! ஒரு மலையாளத்துப் பெண் கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டாள். வெளியே போய்த் தோழிகளிடம், "மேம்கிட்டப் போய் அதைக் கேட்டா நாக்கு அழுகிடும்டி" என்று சொன்னதும் என் காதில் விழுந்தது. எரிச்சலாக வந்தது. நாளைக்கு வார்டில் இருக்கப்போகிறவளும் யாருக்கோ அண்ணி, யாருக்கோ டீச்சர், யாருக்கோ பெரியம்மாதானே. அவளிடம் யார் கேட்பது?

சரி, என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மிச்சம் புரியாது. மல்லேஸ்வரத்தில் இரண்டாவது மாடியில் ஒரு சின்ன வீடு. கணவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. மகள் என்னோடு இருந்தாள். அவளுக்குக் கல்யாணமாகி, போன தீபாவளிக்குத் தலைதீபாவளி என்று மாப்பிள்ளையோடு வந்தாள், இரண்டு நாள் வீடே அமளிதுமளிப்பட்டது. கிளம்பும்போது தன் பீரோவில் மிச்சமிருந்த துணிமணிகளையும் பெட்டியில் அடைத்து எடுத்துக்கொண்டு போனாள். எங்கே போனாள்? அமெரிக்காவா, ஆஸ்திரேலியாவா? இதோ இருக்கிற வைட்ஃபீல்ட். ஒரே ஊர். ஆனால் அந்த டிராஃபிக்கைத் தாண்டி ஒருத்தரை ஒருத்தர் பார்க்க இரண்டு மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அமைந்தால் பெரிய விஷயம். அவள் என்னை மறந்துவிட்டாள் என்று சொன்னால் என் வாய் அழுகும். அங்கிருந்தே போனில் எனக்குப் பால், காய்கறி, பழம் எல்லாம் ஆர்டர் போட்டுவிடுவாள். "ஆர்டர் வந்துச்சாம்மா?" என்று போன் வரும். வந்துச்சு என்பேன். "செக் பண்ணியா? தக்காளி நல்லாருக்கா?" நல்லாருக்கு. "சரி, மீட்டிங் இருக்கு, வெக்கறேன்." தக்காளி நன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் காலேஜ் விட்டால் திங்கட்கிழமை காலை வரைக்கும் நான் வாயைத் திறக்க அவசியமே இருக்காது. திங்கட்கிழமை முதல் கிளாசில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது குரல் கரகரவென்று வரும். "மேம், கோல்டா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். எட்டாம் மெயின் ரோட்டுக் கடைகளில் போய்ச் சும்மாவாவது கொத்தமல்லி விலை கேட்டுப் பேசிவிட்டு வரலாமே என்று ஒரு நாள் கிளம்பினேன். கேட்டும் தொலைத்தேன். கடைக்காரம்மா ஒரு கட்டை எடுத்துப் பையில் போட்டுவிட்டாள், பேச்சு அதோடு முடிந்தது. தனியாக இருப்பது எனக்குப் பயமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

அன்றைக்குப் பதினாறு பேர். ஆகஸ்ட் மாசம், வெளியே தூறல். முதல் ஐந்து பேருக்கு அட்டையில் இருக்கிறபடிதான் பதில் சொன்னேன். ஆறாவது பெண் திடீரென்று, "லீவு நாள்ல யார்கூடப் பேசிட்டு இருப்பீங்க?" என்று கேட்டது. அட்டையில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. யாருடனும் இல்லை என்று நிஜத்தைச் சொன்னேன். அவள் தலையாட்டினாள், மணி அடித்தது, போய்விட்டாள். அடுத்தவளுக்கும் நிஜத்தையே சொன்னேன். தூக்கம் எப்படி, பசி எப்படி என்றெல்லாம் கேட்டவர்களுக்கு என்னுடைய தூக்கம், என்னுடைய பசி. என்ன துணிச்சலோ தெரியவில்லை, யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியமாகவும் இருக்கலாம். ஒருத்திக்கும் தெரியவில்லை. டீ இடைவேளையில் ஜூனியர் ஓடி வந்து, "மேம், இன்னைக்கு ரொம்ப நேச்சுரலா இருக்கு, எப்படி மேம்?" என்றாள். பாவம், பாராட்டுகிறாளாம்.

பதினைந்து பேரும் ஒன்பதாவது கேள்வியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பதினைந்து பேரும் மணி அடித்ததும், "தேங்க்யூ மேம்" என்று எழுந்தார்கள்.

கடைசியாக வந்தவள் கோலார் தங்கவயல் பெண். அப்பா தினமும் விடிவதற்குள் ரயிலேறி இங்கே வந்து, பீன்யாவில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நிற்கிறவர். போன வருஷம் ஐந்தாவது தடுப்பில் ரத்தப்போக்குப் பொம்மை முன்னால் பயந்துபோய் அப்படியே நின்று ஃபெயிலானவள். இந்தத் தடவையும் போனால் இன்னும் ஒரு வருஷம் ஜூனியர்களோடு உட்கார வேண்டும். அதற்கு அவள் அப்பா சம்மதிக்க மாட்டார், கார்மென்ட்ஸில் அவளுக்கு வேலைக்குச் சொல்லியாகிவிட்டது என்று அவள் தோழி என்னிடம் சொல்லியிருந்தாள். கிளாசில் வாயே திறக்காத பெண். கல்லுளிமங்கி என்று எல்லார் முன்னாலும் நான் ஒருமுறை திட்டியதும் உண்டு.

வந்தவள் எதிரே இருந்த நாற்காலியை இழுத்து என் பக்கவாட்டில் போட்டுக்கொண்டாள். "வணக்கம்க்கா. நான் நர்சிங் ஸ்டூடண்ட். கொஞ்ச நேரம் பேசலாமா?" என்றாள்.

அக்கா! காலையிலிருந்து எல்லாரும் இருபத்துநாலு வயசு நோயாளியை மேம் மேம் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"குழந்தை என்கிட்ட இருக்கட்டும்க்கா, உங்களுக்குக் கை வலிக்கும்" என்று பொம்மையைக் கழுத்துக்குக் கை கொடுத்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "தூக்கம் எப்படிக்கா?"

"வராது."

"படுத்துக்கிட்டு என்னா பண்ணுவீங்க?"

"ஃபேனைப் பாத்துட்டு இருப்பேன்."

அவள் அடுத்த கேள்விக்கு அவசரப்படவில்லை. அப்புறம், சாப்பிட்டாச்சா என்று கேட்கிற அதே குரலில், "செத்துப்போயிடலாம்னு தோணுதாக்கா?" என்று கேட்டாள்.

இதற்கு அட்டையில் பதில் இருக்கிறது. நானே எழுதியது. சில சமயம் தோன்றும், குழந்தை முகத்தைப் பார்த்து மனசைத் தேற்றிக்கொள்வேன் என்று சொல்ல வேண்டும். எனக்கு வேறு வந்தது. "சாகணும்னு இல்ல. ராத்திரி படுத்தா, காலையில கண்ணு முழிக்காமலே போனா நல்லாருக்கும்னு தோணும்."

"எவ்ளோ நாளாக்கா?"

"தீபாவளிலேர்ந்து."

அவள் தலையைத் தூக்கி அட்டையைப் பார்த்தாள். மடியில் இருந்த பொம்மையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். மணி அடித்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்துத் தடுப்பிலிருந்து, வெளியூர்க் காலேஜிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர், "நெக்ஸ்ட்!" என்று குரல் கொடுத்தார்.

"மணி அடிச்சாச்சு, போ" என்றேன் மெதுவாக.

"கேட்டுச்சு மேம்." இப்போது மேம் ஆகிவிட்டேன்.

"பைத்தியமாடி உனக்கு? அங்க போகலைன்னா ஃபெயில்னு தெரியுமில்ல?" மனநலம் சொல்லிக்கொடுக்கிறவள் வாயில் வருகிற வார்த்தையைப் பாருங்கள்.

"தெரியும் மேம். மூணு வாரத்துக் குழந்தைய வச்சிருக்கறவ தீபாவளிலேர்ந்துன்னு சொல்லமாட்டா."

"ஏதோ உளறிட்டேன்."

"உளறல மேம்." குரலை ரொம்பத் தாழ்த்திக்கொண்டாள். "இத வேற யார்கிட்டயாவது சொல்லிருக்கீங்களா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தை எனக்கு நன்றாகவே தெரியும். பத்து மாசமாக அதைத்தானே செய்துகொண்டிருந்தேன். ஆனாலும் அந்த நேரத்தில் இல்லை என்றுதான் சொன்னேன்.

"அப்ப உங்களத் தனியா வுட்டுட்டு நான் எப்படிப் போவேன்?"

ஜூனியர் திரையை விலக்கிக்கொண்டு வந்து, டைம் முடிந்தது, கிளம்பு என்றாள். இவள் போன வருஷம் மாதிரி பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். தங்கவயல் பெண் பொம்மையைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே இருந்தாள். போ, போ என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், ஆனால் அவள் போய்விடக் கூடாது என்று உள்ளுக்குள் தவித்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஒரு பெண்ணின் வருஷம் பக்கத்துத் தடுப்பில் கரைந்துகொண்டிருக்கிறது, எனக்கோ பத்து மாசத்தில் முதல் தடவையாக ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற சுகம். அடுத்த மணியும் அடித்தது. எக்ஸாமினர் அவள் நம்பருக்கு நேரே கோடு போட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்று சாயங்காலமே பிரின்சிபாலுக்கு ரிப்போர்ட் போயிற்று. மணி அடித்தும் எழுந்துபோக மறுத்தார், டியூட்டர் சொல்லியும் கேட்கவில்லை, ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்று. அவளிடம் விளக்கம் கேட்டு வாங்கினார்கள். நேரத்தைக் கவனிக்கவில்லை, மன்னிக்கவும் என்று இரண்டே வரி எழுதிக் கொடுத்திருந்தாள். காரிடாரில் அவளைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஏண்டி அப்படி எழுதினே?"

"பேஷண்ட் சொன்னத வெளிய சொல்லக்கூடாதுன்னு நீங்கதான மேம் சொன்னீங்க?"

"நான் பேஷண்ட் இல்ல."

"டாக்டர்கிட்ட எப்ப மேம் போறீங்க? வேணும்னா நானும் வரேன்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. உன் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டு வேகவேகமாகப் படியிறங்கினேன். மூன்றாவது மாடியில் நின்று அழுதேன்.

அடுத்த இரண்டு நாளும் சனி, ஞாயிறு. திங்கட்கிழமை பிரின்சிபால் ரூமில் மீட்டிங். அந்தப் பெண்ணைக் காப்பாற்ற வேண்டுமென்றால் நான் வாயைத் திறக்க வேண்டும், வேறு வழியில்லை. திறந்தால்? மனநலம் நடத்துகிற அம்மாவுக்கே மனநிலை சரியில்லையாம் என்று ஸ்டாஃப் ரூமில் பேசுவார்கள். வார்டுக்கு மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போக என்னை விடுவார்களா? சர்க்கரை மாதிரி, பிரஷர் மாதிரி இதுவும் ஒரு நோய், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று வருஷா வருஷம் போர்டில் எழுதிப்போட்டுவிட்டு, எனக்கென்று வரும்போது ஏன் இந்த நடுக்கம்? ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்தாள். சொல்லிவிடலாம் என்று மூச்சை இழுத்துக்கொண்டேன். "அம்மா, இந்தத் தடவை வாழைப்பழம் காயாதான் இருக்கும், ரெண்டு நாள் வெளிய வை" என்றாள். சரி என்றேன். போனை வைத்த பிறகு அந்தச் சோபாவிலேயே விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். வேலை போனாலும் போகட்டும் என்று ஒரு நிமிஷம் தோன்றும், அந்தப் பெண்ணுக்கு ஏதாவது வேறு வழி பிறக்காதா என்று மறு நிமிஷம். நல்ல மனுஷி என்று என்னை நானே நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் அந்த இரண்டு நாளில் போயிற்று.

மீட்டிங்கில் மூன்று பேர். பிரின்சிபால் மேடம், பரீட்சைப் பொறுப்பில் இருக்கிற சார், நான். பேச்செல்லாம் கன்னடத்தில்தான், தமிழில் சொல்கிறேன். முதலில் நான் குறுக்கு வழிதான் பார்த்தேன். அந்தப் பெண் ரொம்ப நன்றாகச் செய்தாள், ஒன்பதாவது கேள்வியைக் கேட்டது அவள் ஒருத்திதான், ஐந்தாவது தடுப்புக்கு மட்டும் மறுபடி ஒரு வாய்ப்புக் கொடுக்கலாமே என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"நன்றாகச் செய்தாள் என்றால் மணி அடித்ததும் எழுந்திருக்க வேண்டியதுதானே?" என்றார் சார். "எனக்கும் அந்தப் பெண் மேல் கோபமில்லை மேடம். விதியில் ஒரே ஒரு விலக்குதான் இருக்கிறது. பக்கத்தில் நிஜமான நோயாளிக்கு ஆபத்து என்றால் மாணவி பரீட்சையை விட்டுவிட்டு அங்கேயே இருக்கலாம், அவளுக்கு மறுபரீட்சை உண்டு. இங்கே நீங்கள் நடித்துக்கொண்டிருந்தீர்கள். நடிப்பில் என்ன ஆபத்து?" சொல்லிவிட்டு அவர் லேசாகச் சிரித்தார். பிரின்சிபாலும் சிரித்தார். அவர் பேனாவைத் திறந்து, அந்த ரிப்போர்ட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கையெழுத்துப் போடாதீங்க மேடம்" என்றேன். குரல் திங்கட்கிழமைக் குரலாகக் கரகரத்தது. "நான் நடிக்கல."

இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"பத்து மாசமா எனக்கு இப்படித்தான் இருக்கு. அன்னைக்கு ஆறாவது பொண்ணுலேர்ந்து எல்லார்கிட்டயும் நான் நிஜத்தைத்தான் சொல்லிட்டு இருந்தேன். அதுல பத்து பேரு தேங்க்யூ சொல்லிட்டு எழுந்து போனாங்க மேடம். அவங்க எல்லாருக்கும் நான் பாஸ் போட்டிருக்கேன்."